குறைந்த பொருளிற் காட்டுவழி விளக்கு

இருளிற் செல்வார்க்கு விளக்கு வேண்டுமென்பதை எடுத்துக் கூறவும் வேண்டுமோ? கைவிளக்கேந்தி வரப்பின்மேல் நடக்கும் உழவர்க்கு நான்கடித் தூரம் தெரிந்தாற் போதும். ஓரடி ஊன்றிய பின்னரே அவர் மறு அடி எடுத்து வைப்பர். மணிக்கு 80 கிலோமீட்டர் விரைந்தோடும் வண்டிக்கோ நூறு மீட்டருக்கு அப்பாற் கிடக்கும் கல்லும் இப்பொழுதே தெரிதல் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குப் பகுதியிலுள்ள பாலைநிலங்களிலும், அவற்றிற்குத் தெற்கே மெக்சிக்கோவைச் சார்ந்த பாஹா கலிபோர்னியாத் தீபகற்பத்திலும், தார் கண்டறியாத வழிகள் பல உள. அவ்வழிகளிற் சிறு டிரக்கு வண்டிகளை ஓட்டுவோர், வண்டியோடு வந்த முன்விளக்குப் போதாமை கண்டு, வேறு விளக்குகளையும் பொருத்திக்கொள்வது வழக்கம். செல்வர் கடையில் விட்டுப் பெருந்தொகை கொடுத்து அதனைச் செய்வித்துக்கொள்வர். கையிற் பொருள் சுருங்கியவர் தாமே அதனைச் செய்துகொள்ளுமாறு எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள். இஃது அயல்நாட்டார் செய்தியன்றோ, நமக்கு என்னை பயன் என்று வினவுவார் சிலர் இருக்கலாம். ஓம் என்பாரது விதியைத் தேர்வுக்கு முன்னாளிரவு மனப்பாடஞ் செய்து, தேர்வுக்கு மறுநாட் காலை மறந்துவிடும் மாணவர்க்கு, அவ்விதி ஒரு வண்டியின் முகப்பில் ஏறியமர்ந்து வேலை செய்யும் வகையைக் காட்டுதற்கு இதனினும் தக்க பாடம் எமக்குத் தோன்றவில்லை.

இவ்வழக்கத்தின் வரலாறு சுருக்கமாயினும் சுவையுடையது. அமெரிக்காவில் 1940 முதல் முன்விளக்கெல்லாம் கண்ணாடியும் இழையும் எதிரொளிக்கும் குழியும் ஒன்றாய் அடைக்கப்பட்டன ஆதல் வேண்டுமென விதித்திருந்தனர். இவ்விதி 1983 வரை தளராது நின்றது. ஐரோப்பியரோ 1962-இலேயே ஹாலஜன் வாயு நிரப்பிய பல்பை வண்டிகளில் வைக்கத் தொடங்கினர். 1967-இல் டிஹுவானா நகரிலிருந்து லா பாஸ் வரை ஏறக்குறைய 850 மைல் தூரம் பாஹாப் பாலையின் ஊடே முதல் ஓட்டப்பந்தயம் நடந்தபோது, வெற்றி பெற்ற வண்டிக்கே 27 மணி 38 நிமிடம் ஆயிற்று. அஃதாவது, எத்துணை வல்லவனாயினும் ஓரிரவு முழுதும் வழியற்ற வழியில் ஓட்டியே தீர்தல் வேண்டும். அங்ஙனம் ஓட்டியவர்களுள் பலர் ஐரோப்பிய விளக்குகளை நாடினர். பொருளற்றவர் விமானந் தரையிறங்குதற்குரிய விளக்கை வாங்கிப் பூட்டிக்கொள்வதும் உண்டு. 4509 என்னும் எண்ணுடைய அவ்விளக்கு 100 வாட்டில் கண்ணைப் பறிக்கும் ஒளி தரும். அதன் வாழ்நாளோ 25 மணியே. தரையிறங்கும் சில நிமிடங்களுக்கென்று செய்ததனை இரவெல்லாம் எரித்தால் வேறென்ன நேரும்?

இனி விளக்கு எவ்வளவு தூரம் காட்டுதல் வேண்டுமென்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஓட்டுவோன் இடையூற்றைக் கண்டு, உணர்ந்து, தடைக்கட்டையை மிதிக்க ஒன்றரை வினாடி ஆகுமெனக் கொள்வோம். சரளைவழியில் உராய்வுக் குணகம் 0.4 எனக் கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நிற்றற்கு 32 மீட்டர் வேண்டும். 60-இல் 60 மீட்டர். 80-இல் 96 மீட்டர். வேகம் இருமடங்காக, தடையிட்டபின் ஓடுந் தூரம் நான்மடங்காகும் என்பதை இதிற் காண்க. பழைய வண்டியொன்றின் தாழ்ந்த கதிர் ஒரு கறுத்த மாட்டை ஏறக்குறைய 50 மீட்டரிற் காட்டினால் அதுவே பெரிது. ஆகவே 60 கிலோமீட்டர் வேகத்திலேயே ஓட்டுவோன் தன் விளக்கை முந்திக்கொண்டு குருடனாய்ச் செல்கின்றான். கறுத்த மாடு என்று வேடிக்கைக்குக் கூறினோமல்லேம். 1973-இல் முற்றுப்பெற்ற பாஹாத் தீபகற்ப நெடுஞ்சாலையிற் பல இடங்களில் இருபுறமும் வேலியில்லை. மாடுகள் இரவிற் சாலைமீது வந்து நிற்கும். அவ்விடத்தை அறிந்தோர் யாவரும் இருட்டியபின் ஓட்டற்க என்று எச்சரிப்பதற்கு இதுவே தலையாய காரணம். மாட்டின்மேல் மோதிய சிறுவண்டியில் மாடு மட்டும் மாள்வதில்லை.

அங்ஙனமாயின் இரண்டு விளக்கைக் கூட்டினால் இருமடங்கு தூரம் தெரியாதோ என்னின், தெரியாது. ஒளியானது தூரத்தின் வர்க்கத்திற்கு எதிர்விகிதமாகக் குறைந்துகொண்டே செல்லும். 40,000 காண்டெலா வலியுடைய விளக்கு 100 மீட்டரில் 4 லக்ஸ் ஒளி தரும். 200 மீட்டரில் ஒரு லக்ஸ். 400 மீட்டரில் கால் லக்ஸே. கால் லக்ஸ் என்பது முழுநிலாவின் ஒளிக்கு ஏறக்குறைய ஒப்பாகும். விளக்கு விற்போர் தங்கள் விளக்கு இத்தனை மீட்டர் எட்டும் என்று பெட்டியின்மேல் எழுதும்போது, இந்நிலவொளியையே எல்லையாக வைத்து எழுதுவாரும் உளர். ஒரு லக்ஸை எல்லையாக வைத்து எழுதுவாரும் உளர். ஒரே விளக்குக்கு ஒருவர் 400 என்றும் மற்றொருவர் 200 என்றும் கூற, இருவரும் பொய்யராகார்! ஒத்த விளக்குகள் இரண்டை நான்காக்கினும் எட்டுந் தூரம் 1.4 மடங்கே கூடும். இரட்டிப்புத் தூரம் வேண்டுவோர் நான்மடங்கு வலிமை தேடல் வேண்டும். இந்நுட்பம் அறிந்தவர் பத்து விளக்கை வரிசையாக அடுக்கிப் பொருளை இழவார். நல்ல குழியும் ஆடியும் உடைய இரண்டை வாங்கி அமைவர்.

வாங்குதற்கு முன்னர்ச் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பழைய வண்டியின் முன்விளக்கை மூடியுள்ள பிளாஸ்டிக் வெயிலில் மஞ்சளித்து மங்கியிருக்கும். அதனை நுண்ணிய நீர்த்தாளினால் தேய்த்து, மெருகிட்டு, வெயில் தாங்கும் பூச்சொன்று பூசி, பழகிக் கறுத்த பல்பை மாற்றி, விளக்கின் குறியையும் நேர்செய்தால், ஒரு வேளை உணவுக்காகும் செலவில் இழந்த ஒளியிற் பெரும்பகுதி மீளும். இதனைச் செய்யாது புதுவிளக்குக்கு ஓடுவோர் பொத்தற் குடத்துக்கு மேலும் ஒரு குடம் வாங்குவோரை ஒப்பர்.

விளக்கு வகையுள் இன்று இரண்டே கருதத்தக்கன. ஹாலஜன் பல்பு 55 வாட்டில் ஏறக்குறைய 1,500 லூமென் ஒளி தரும். எல்.இ.டி. அதே ஒளியை அதிற் பாதிக்கும் குறைந்த மின்சாரத்தில் தந்துவிடும். வெண்ணிற எல்.இ.டி.க்கு அடிப்படையான நீலவொளி எல்.இ.டி.யைச் செய்தமைக்காக அக்காசாக்கி, அமானோ, நாக்கமூரா என்னும் மூவர்க்கு 2014-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்ததை நம் மாணவர் அறிவர். அந்நீலவொளியின் ஒரு பகுதியை மஞ்சட்பொடியொன்று மாற்றித்தர, இரண்டுங் கலந்து வெண்மையாகத் தோன்றுகின்றது. ஆயினும் மலிந்த எல்.இ.டி. விளக்குகளிற் பொய் மிகுதி. 300 வாட்டு என்று அச்சிட்ட விளக்கு உண்மையில் 100 வாட்டும் உண்ணாதிருக்கலாம். ஆம்பியர்மானி ஒன்றைத் தொடரில் இணைத்து, காட்டும் ஆம்பியரை வோல்ட்டாற் பெருக்கிப் பார்த்தால் உண்மை வெளிப்படும். அடைப்பு நன்றா என்பதற்கு ஐ.பி. 67 என்னும் குறியைத் தேடுக. ஆறு என்பது தூசி புகாமையையும், ஏழு என்பது ஒரு மீட்டர் நீரில் அரை மணி மூழ்கினும் பழுதுறாமையையும் குறிக்கும். முதுகில் தடித்த அலுமினியச் செதில்கள் இல்லாததை வாங்கற்க, எல்.இ.டி.யின் வெப்பம் முன்னே செல்லாது பின்னே தேங்கும். இதனாலேயே பனி பெய்யும் நாட்டில் எல்.இ.டி.யின் முகத்தில் ஒட்டிய பனி உருகுவதில்லை. ஹாலஜனின் வீண்வெப்பம் அங்கே வரமாய் விடுகின்றது. எல்லாம் எண்ணிப் பார்க்கின், பொருளற்றவர்க்குப் பெயர் தெரியாத பெரிய எல்.இ.டி. சட்டத்தினும், நற்பெயருடைய பழைய ஹாலஜன் விளக்கு இரண்டு, பிறர் கழித்ததாயினும், மேலென்பதே எம் கருத்து.

எவ்விடத்திற் பொருத்துவது? கூரைமேல் வைத்தால் அழகாயிருக்கும், நெடுந்தூரமும் தெரியும். ஆயின் அவ்வொளி எஞ்சின் மூடிமேல் வீழ்ந்து ஓட்டுவோன் கண்ணில் திரும்பப் பாயும், காற்று சீழ்க்கையடிக்கும், முன்செல்லும் வண்டி எழுப்பிய புழுதியிற் புகுந்தாலோ வெண்சுவரொன்று எதிரே எழுந்து நிற்கும். கண்ணுக்கும் விளக்குக்கும் இடையேயுள்ள உயரவேறுபாடு மிக்கதாக, புழுதியிற் பட்டுக் கண்ணுக்குத் திரும்பும் ஒளி குறையும். ஆதலாற் பம்பர் உயரத்தில் வைப்பதே நன்று. மேலும், தாழ்ந்த ஒளி சிறு மேட்டுக்கும் நீண்ட நிழல் தரும். மாலை வெயிலில் உழுத வயலின் சாலெல்லாம் தெளிவாய்த் தோன்றுமாறு, வழியின் குண்டுங் குழியும் அந்நிழலாற் புலப்படும். உச்சிவெயிலை ஒத்த கூரைவிளக்கோ பள்ளத்தைச் சமனாக்கிக் காட்டி ஏமாற்றும். மஞ்சள் ஒளி மூடுபனியைத் துளைத்துச் செல்லும் என்பாரும் பலர். பனித்துளி ஒளியலையினும் மிகப் பெரிதாதலின் எந்நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே சிதறடிக்கும். மஞ்சளின் நன்மை நீலக்கதிரின் கூச்சத்தைக் கழிப்பதேயன்றித் துளைத்தல் அன்று. பிரான்ஸ் நாட்டார் 1993 வரை முன்விளக்கை மஞ்சளாகவே வைத்திருந்து பின் விட்டுவிட்டனர்.

பம்பர் என்று நாம் காண்பது இக்கால வண்டிகளிற் பெரும்பாலும் பிளாஸ்டிக் தோலே. உள்ளே இரும்புச் சட்டம் வேறு இருக்கும். தோலில் துளையிட்டுப் பூட்டிய விளக்கு நடுங்கிக்கொண்டே இருக்கும். ஒளி நடுங்கினாற் கண் சோரும். நாளடைவில் துளையும் பெரிதாகி விளக்கு கழன்று வீழும். இழுகொக்கி, எண்பலகை முதலியவற்றிற்கென முன்னரே சட்டத்தில் உள்ள துளைகளைத் தேடிப் பயன்படுத்துதல் சிக்கனமும் ஆம், நலமும் ஆம். மூன்று மில்லிமீட்டர் தடித்த பட்டை இரும்பை வேண்டிய அளவு அறுத்து, வளைத்து, துளையிட்டு, துருநீக்கி வர்ணம் பூசிவிட்டால், கடையில் விற்கும் தாங்கியின் விலை மிச்சமாகும். கை குறுகியதாயிருக்கட்டும், நீண்ட கை நாணல்போல் ஆடும். நீட்டியே தீரவேண்டின் இரண்டாவது தாங்கலொன்று முக்கோணமாகக் கொடுக்க. ரேடியேட்டருக்குச் செல்லும் காற்றை மறையாமலும், காற்றுப்பையை இயக்கும் உணர்கருவியைத் தொடாமலும் இடந்தேர்தல் வேண்டும். சாதாரண நட்டு சரளைவழியில் ஒரு நாளில் தளரும்; உள்ளே நைலான் வளையமுடைய நட்டு தளராது. அலுமினியமும் துருவேறா எஃகும் தொடுமிடத்தில் சிறிது கிரீஸ் தடவாவிடின் உப்புக் காற்றில் அலுமினியம் அரிக்கப்பட்டுவிடும்.

இனிக் கம்பி இணைக்கும் பகுதி. சிக்கனம் என்னும் பெயரால் வண்டியையே எரித்துவிட இடந்தருவது இதுவே. ஆதலின் சற்று விரித்துரைப்போம்.

55 வாட்டு விளக்கிரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். இம்மின்னோட்டத்தை மெல்லிய கம்பிவழியே ஓட்டுநர் முன்னுள்ள சிறு சுவிச்சுக்குக் கொண்டுவந்து மீண்டும் விளக்குக்குக் கொண்டுசெல்வது பிழை. சுவிச்சு சுட்டுப்போம், கம்பியிலும் மின்னழுத்தம் வீணாகும். செம்பின் தன்தடையைக் கொண்டு கணக்கிடின், ஒரு சதுர மில்லிமீட்டர் கம்பி போக்கும் வரவுமாக ஆறு மீட்டருக்கு 0.105 ஓம் தடையுடையது. 9 ஆம்பியர் ஓடும்போது 0.95 வோல்ட்டு அதிலேயே இழந்துபோம். ஒரு வோல்ட்டுதானே என்று இகழற்க. ஹாலஜன் பல்பின் ஒளி மின்னழுத்தத்தின் ஏறக்குறைய 3.4-ஆம் படியில் மாறும். அழுத்தம் நூற்றுக்கு ஏழு குறைந்தால் ஒளி நூற்றுக்கு இருபதுக்குமேல் குறையும். கம்பியை 2.5 சதுர மில்லிமீட்டராக்கினால் இழப்பு 0.38 வோல்ட்டு, ஒளியிற் பத்தில் ஒரு பங்கே போம். சில மீட்டர் தடித்த கம்பிக்கு ஆகும் மிகைச்செலவு, விலையுயர்ந்த பல்பு வாங்கும் செலவினும் மிகக் குறைவு, பலனோ மிகுதி. ஓம் விதி காசு மிச்சம் பிடித்துத் தரும் இடம் இதுவெனலாம்.

சுவிச்சை இப்பெருமின்னோட்டத்திலிருந்து காப்பது ரிலே என்னும் சிறு பெட்டி. அதனுட் சிறு மின்காந்தமொன்று உண்டு. சுவிச்சின்வழி வரும் மின்னோட்டம், ஓர் ஆம்பியரில் ஆறிலொன்றும் இராது, அக்காந்தத்தை எழுப்ப, அது தகடொன்றை இழுத்துப் பெருமின்னோட்டத்துக்கு வழிதிறக்கும். சிற்றரசன் கண்காட்ட யானை நடப்பது போன்றது இது. அடியில் 30, 87, 85, 86 என்னும் எண்கள் பொறித்திருக்கும். பாட்டரியின் நேர்முனையிலிருந்து பியூஸ் வழியாக வரும் தடித்த கம்பி 30-இலும், விளக்குக்குச் செல்வது 87-இலும், சுவிச்சிலிருந்து வரும் மெல்லியது 86-இலும் சேரும். 85 வண்டியின் இரும்புடலிற் சேரும். சுவிச்சுக்கு மின்சாரத்தைச் சாவி திருப்பியபின் உயிர்பெறும் பியூஸொன்றிலிருந்து எடுப்பின், சாவியை எடுத்ததும் விளக்கும் அணையும். அங்ஙனமின்றி மறந்து எரியவிட்டால், 60 ஆம்பியர்-மணிப் பாட்டரி மூன்று மணியில் ஏறக்குறையப் பாதி வற்றிப்போம். பாலையின் நடுவே அதனை நிரப்புவார் யார்? கழித்த வண்டிகளைப் பிரித்து விற்கும் இடங்களில் நல்ல ரிலேக்கள் மலிவாகக் கிடைக்கும். தேடி எடுத்துச் சோதித்துக்கொள்க.

பியூஸை மட்டும் விட்டுவிடற்க. விளக்கைக் காப்பதற்காக அது வைக்கப்படுவதாகப் பலர் எண்ணுகின்றனர். அது காப்பது கம்பியை. பாட்டரிக்கும் விளக்குக்கும் நடுவே எங்கேனும் கம்பியின் தோல் உரிந்து இரும்பைத் தொட்டால், பாட்டரி சில நூறு ஆம்பியரை ஒரே மூச்சில் உமிழும். கம்பி செங்கனலாகி அருகிலுள்ள ரப்பரையும் எண்ணெயையும் பற்றவைக்கும். ஊரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால், குடிநீரும் உடைமையும் வண்டிக்குள்ளே இருக்க, வண்டி எரிவதை நின்று பார்ப்பது எத்தகைய நிலை என்பதைச் சிந்திக்க. ஆகவே பியூஸ் பாட்டரியின் நேர்முனைக்கு ஒரு சாணுக்குள் இருத்தல் வேண்டும். பியூஸுக்கும் பாட்டரிக்கும் இடைப்பட்ட கம்பியைக் காப்பார் எவருமிலர் ஆதலின். 9 ஆம்பியருக்கு 15 ஆம்பியர் பியூஸ் ஏற்றது. அது அடிக்கடி போகின்றதென்று 30 ஆம்பியரை வைப்பவன் காவல்நாய் குரைக்கின்றதென்று அதனைக் கொன்றுவிடுபவன்.

கம்பி இரும்புச் சுவரைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் இடுக. எஞ்சினின் சூட்டுக்குழாயை விட்டு விலக்கி, நெளிகுழாய்க்குள் செலுத்திக் கட்டுக. முனைகளை முறுக்கி நாடா சுற்றுவது ஒருமாதக் காப்பே. உரிய கருவியால் நெருக்கிப் பொருத்தி, சூடுகாட்டினால் சுருங்கும் பசையுள்ள குழாயை மேலே இடுவது பல்லாண்டுக் காப்பு. திரும்புமின்னோட்டத்துக்கு வண்டியின் உடலைத் தொடுமிடத்தில் வர்ணத்தைச் சுரண்டி, பளிச்சென்ற இரும்பிற் பல்வாசர் இட்டு இறுக்குக. விளக்கு மங்குகிறதென்று முறையிடுவோர் பலரின் குறை இவ்வொரு போல்ட்டிலேயே கிடக்கும். வேலைக்கு முன் பாட்டரியின் எதிர்முனையை முதலிற் கழற்றுக. நேர்முனையை முதலிற் கழற்றப் புகுந்தால், ஸ்பானர் உடலிற் பட்டதும் தீப்பொறி பறக்கும்.

சட்டம் பற்றியும் ஒரு சொல். காட்டுவழிக்குரிய விளக்கைத் தார்ச்சாலையில் எரிப்பது எதிர்வருவோன் கண்ணைப் பறித்து அவனைக் கொல்வதற்கு ஒப்பாகும். கலிபோர்னியாவின் வண்டிச் சட்டம் அத்தகைய விளக்கு எட்டுக்கு மேற்படலாகாதென்றும், தரையிலிருந்து 16 அங்குலத்துக்குக் கீழிருத்தலாகாதென்றும், மற்றை விளக்குகளோடு சேராத தனி மின்சுற்று உடையனவாதல் வேண்டுமென்றும், பொதுச்சாலையிற் செல்லும்போது அணைத்து ஒளிபுகா மூடியால் மூடியிருத்தல் வேண்டுமென்றும் விதிக்கின்றது. மூடிக்குத் தனிச்செலவு வேண்டா. பழைய டியூபின் ரப்பரை வெட்டித் தைத்துக்கொள்ளலாம். நம் நாட்டில் இத்தகைய மாற்றம் செய்ய எண்ணுவோர், பதிவுச்சீட்டில் உள்ளதற்கு மாறாக வண்டியைத் திருத்துதலை விலக்கும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவையும், விளக்குகள் பற்றிய விதிகளையும் முன்னர்ப் படித்தல் நன்று.

எஞ்சியது குறிவைத்தல். சமதரையில், சுவருக்கு 7.6 மீட்டர் தூரத்தில், வழக்கமாக ஏற்றும் சுமையோடு வண்டியை நிறுத்துக. சுமையின்றிக் குறிவைத்தால், பின்பு பாரம் ஏற்றியதும் பின்புறம் தாழ்ந்து மூக்கு உயர்ந்து விளக்கு வானத்து மீனைக் காட்டும். விளக்கின் நடுவுயரத்தைச் சுவரிற் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, ஒளியின் மிகச்செறிந்த புள்ளி அக்கோட்டுக்கு 3.8 சென்டிமீட்டர் கீழே விழுமாறு திருப்பி இறுக்குக. 70 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள விளக்காயின், அக்கதிர் 140 மீட்டரில் தரையைத் தொடும். 80 கிலோமீட்டர் வேகத்துக்கு வேண்டிய 96 மீட்டர் அதனுள் அடங்கும். அந்நாட்டார் சாலையின் வலப்புறம் ஓட்டுவதால், கூரிய கதிருடைய விளக்கை இடப்புறம் வைத்து நேரே நோக்கவும், அகன்ற கதிருடையதை வலப்புறம் வைத்துச் சற்று ஓரத்தை நோக்கவும் விடுவர். மாடு பெரும்பாலும் ஓரத்துப் புதரிலிருந்தே புறப்படுமாதலின். முதல் நூறு கிலோமீட்டர் சரளையில் ஓடியபின் போல்ட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கி, அதே சுவரின்முன் குறியையும் சரிபார்த்துக்கொள்க.